ஒட்டுவதா, மாற்றுவதா: கிருஷ்ணகிரியில் ஒரு கார் கண்ணாடிக் கடை

கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்கு நாள்தோறும் காரில் போய்வருகிறவன் நான். தேசிய நெடுஞ்சாலை 44இல் ஒரு நடைக்கு ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர். ஜல்லியும் எம் சாண்டும் ஏற்றிய டிப்பர்களும், வீட்டுச் சுவர் அளவு கிரானைட் பாளங்களைச் சங்கிலியால் கட்டிய லாரிகளும் முன்னும் பின்னும் ஓடும் சாலை இது. என்னுடைய எட்டு வயது ஸ்விஃப்ட் காரின் முன் கண்ணாடி இந்தச் சாலையில் இரண்டு முறை சேதமானது. முதல் முறை ஒட்டினேன், இரண்டாம் முறை மாற்றினேன். இரண்டு வேலையும் நடந்தது ராயக்கோட்டை சாலையில் உள்ள ஒரே கடையில்தான். இரண்டே பேர் வேலை செய்யும் இடம் அது. பெயர் போட்டால் போன் எடுக்கவே ஆள் வைக்க வேண்டிவரும் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் பெயரை எழுதவில்லை. அந்தப் பக்கத்து மெக்கானிக் யாரிடம் கேட்டாலும் வழி காட்டிவிடுவார்.

முதல் அடி சூளகிரி தாண்டி விழுந்தது. முன்னால் போன டிப்பருக்கும் எனக்கும் முப்பது மீட்டர்கூட இருக்காது. அது என் தவறு. கல் லாரியின் மேலிருந்து விழுந்ததாகத்தான் எல்லோரும் சொல்வார்கள். உண்மையில் பெரும்பாலான கற்கள் சாலையில் கிடந்தவை, முன்னால் போகும் வண்டியின் டயர் கவ்வி எறிபவை. ஆகையால் தார்ப்பாய் கட்டிய லாரி என்றாலும் ஒட்டிப் போனால் அடி உறுதி. ‘டப்’ என்று ஒரு சத்தம், நான் கண் சிமிட்டித் திறப்பதற்குள் இடப்பக்கத்து இருக்கைக்கு நேராகக் கடுகைவிடச் சற்றுப் பெரிய ஒரு குழி, அதிலிருந்து நான்கு பக்கமும் மயிரிழை போன்ற கோடுகள். நட்சத்திரம் போலக் கால் விரித்த இவ்வகை உடைப்பு, வட்டமாகப் பெயரும் உடைப்பைவிட மோசமானது, ஏனென்றால் ஒவ்வொரு காலின் நுனியும் ஒரு விரிசலின் தொடக்கம்.

அன்று மாலையே ஒரு கார் பணிமனையில் காட்டினேன். ஊர், பெயர் வேண்டாம். அங்கிருந்தவர் குனிந்துகூடப் பார்க்காமல் “மாத்திடுங்க சார், இன்சூரன்ஸ்ல போட்டுக்கலாம்” என்றார். ஒட்ட முடியாதா என்று கேட்டதற்கு, ஒட்டினால் நிற்காது என்று பதில். மறுநாள் காலை ராயக்கோட்டை சாலைக் கடைக்குப் போனேன். இங்கே உரிமையாளர் செய்த முதல் காரியம், காருக்குள் ஏறி உட்கார்ந்து, அடிபட்ட இடத்தை உட்புறமாக நகத்தால் வருடிப் பார்த்ததுதான். பிறகு வெளியே வந்து அதே இடத்தை நகத்தால் தடவினார். உள்ளே வழுவழுப்பு, வெளியே நகம் மாட்டுகிறது. “உள் கண்ணாடி நல்லா இருக்கு. ஒட்டலாம்” என்றார்.

இந்த நகச் சோதனைக்குப் பொருள் உண்டு. காரின் முன் கண்ணாடி ஒரே கண்ணாடி அல்ல. ஒவ்வொன்றும் ஏறத்தாழ இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தெளிந்த பிளாஸ்டிக் படலத்தை வைத்து, வெப்பத்திலும் அழுத்தத்திலும் ஒன்றாக்கியது. லேமினேட்டட் கண்ணாடி என்பது இதைத்தான். கல் அடித்தால் வழக்கமாக வெளிக் கண்ணாடி மட்டும் உடையும், படலம் உள் கண்ணாடியைக் காக்கும், உடைந்த துண்டும் முகத்தில் தெறிக்காது. கதவுக் கண்ணாடிகள் வேறு இனம். அவை சூடாக்கி வேகமாகக் குளிரவைத்து இறுக்கப்பட்ட ஒற்றைக் கண்ணாடி என்பதால், உடைந்தால் கற்கண்டு போல் முழுவதும் நொறுங்கிக் கொட்டிவிடும், அவற்றில் ஒட்டு வேலைக்கே இடமில்லை. ஒட்டு என்பது வெளிக் கண்ணாடியில் ஏற்பட்ட காற்று நிறைந்த இடைவெளியை, கண்ணாடியைப் போலவே ஒளியை வளைக்கும் ரெசினால் நிரப்புவது. உள் கண்ணாடியும் உடைந்திருந்தால் நிரப்பிப் பயனில்லை.

வேலையை உடனே தொடங்கவில்லை. காரை வேப்பமர நிழலில் நிறுத்தி, கண்ணாடியில் புறங்கையை வைத்துப் பார்த்து, அரை மணி நேரம் ஆறவிட்டார். சூடான கண்ணாடியில் அழுத்தம் கொடுத்தால் கால்கள் ஓடிவிடும், ரெசினும் நீர்த்துப் போகும் என்பது அவர் சொன்ன காரணம். சூரிய ஒளியில் இருக்கும் புற ஊதாக் கதிரே இந்த ரெசினை இறுகச் செய்வது என்பதால், வெயிலில் வைத்து வேலை செய்தால் உள்ளே போவதற்கு முன்பே அது கெட்டிப்பட்டுவிடும் என்பதை நான் பிறகு தெரிந்துகொண்டேன். இணையத்தில் சில நூறு ரூபாய்க்கு விற்கும் ஒட்டுப் பெட்டிகளை வாங்கி வீட்டு வாசல் வெயிலில் வைத்து முயல்பவர்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். தோற்ற பிறகு அந்தக் கெட்டிப்பட்ட ரெசினை வெளியே எடுக்கவும் முடியாது. தேர்ந்த கைக்கும் அந்தக் குழி இனி உதவாது.

ஊசி போன்ற கருவியால் குழியிலிருந்த கண்ணாடித் துகளைக் கிளறி எடுத்தார். உட்புறம் ஒரு சிறு முகம் பார்க்கும் கண்ணாடியை ஒட்டிவைத்தார், வெளியிலிருந்தே உடைப்பின் அடிப்பக்கத்தைப் பார்ப்பதற்கு. உறிஞ்சியால் ஒட்டிக்கொள்ளும் மூன்று கால் தாங்கி ஒன்றைப் பொருத்தி, அதன் நடுவில் உள்ள குழாயைக் குழியின் மேல் அமர்த்தினார். முதலில் காற்றை இழுப்பது, பிறகு ரெசினை அழுத்துவது, மறுபடியும் இழுப்பது, மறுபடியும் அழுத்துவது. அந்தச் சிறிய கண்ணாடியில் நானும் எட்டிப் பார்த்தேன். வெள்ளியாக மின்னிக்கொண்டிருந்த கால்கள் ஒவ்வொன்றாக, தண்ணீர் பட்ட காகிதம் போல் தெளிந்து மறைந்தன. மூன்று கால்கள் போய்விட்டன, வைப்பர் பக்கம் நீண்டிருந்த நான்காவது மட்டும் நுனியில் அரை சென்டிமீட்டர் அளவுக்கு மினுமினுத்துக்கொண்டே இருந்தது. அவர் உள்ளே போய் அந்த இடத்தைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தி விடுவதும், வெளியே வந்து திருகைக் கால் சுற்றுத் திருப்புவதுமாக இருபது நிமிடம் அந்த அரை சென்டிமீட்டருக்காகச் செலவிட்டார். வேறு இடமாக இருந்தால் “இவ்வளவுதான் சார் போகும்” என்றிருப்பார்கள். அதுவும் மறைந்த பிறகுதான் புற ஊதா விளக்கை வைத்தார். கெட்டியான ரெசினைக் குழியின் வாயில் ஒரு துளி விட்டு, மேலே பிளாஸ்டிக் தாளை ஒட்டி மறுபடியும் விளக்கு. பிறகு பிளேடைச் செங்குத்தாகப் பிடித்துச் சுரண்டி, மெருகேற்றினார்.

கூலி 700 ரூபாய். வேலைக்கு முன்பே அவர் சொல்லிவிட்டது: தழும்பு முழுவதும் மறையாது, விரிசல் ஓடாமல் நிற்கும், அவ்வளவே. அப்படியே ஆயிற்று. காலை வெயில் சாய்ந்து விழும்போது மட்டும் ஒரு மீன் செதில் அளவுக்கு மங்கலாகத் தெரியும். மற்ற நேரம் நான்தான் விரல் வைத்துக் காட்ட வேண்டும். இந்த மங்கல் காரணமாகவே ஓட்டுநரின் கண்ணுக்கு நேர் எதிரே விழுந்த அடியை அவர் ஒட்ட மறுக்கிறார். எதிரே வரும் லாரியின் விளக்கொளி இரவில் அந்தத் தழும்பில் பட்டுச் சிதறும் என்பதால் அது சரியான மறுப்புதான்.

ஒன்று மட்டும் எனக்குக் குறையாகப் பட்டது. அடிபட்ட அன்றே அந்தக் குழியின் மேல் ஒரு துண்டு செலோ டேப்பை ஒட்டிவைத்தால் தூசியும் ஈரமும் போகாது, ஒட்டும் தெளிவாக வரும் என்பதை நான் கேட்ட பிறகுதான் சொன்னார். ஒரு பலகையில் எழுதி வாசலில் மாட்டினால் எத்தனையோ பேருக்கு உதவும். வண்டியைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதும் ஒட்டி முடிக்கும்வரை கூடாது; விரிசலுக்குள் போகும் ஈரம், அழுக்கைக் கொண்டுபோவது மட்டுமல்லாமல், அழுத்தத்தில் இருக்கும் கண்ணாடி மேலும் பிளப்பதை விரைவுபடுத்தவும் செய்கிறது.

எட்டு மாதம் கழித்து, ஏப்ரல் கடைசியில் இரண்டாவது சேதம். இம்முறை கல் அடித்த நினைவே இல்லை. நடுப்பகலில் இரண்டு மணி நேரம் வெயிலில் நின்ற காரைக் கிளப்பி, ஏசியைக் கடைசிப் புள்ளிக்குத் திருப்பி, காற்றை முன் கண்ணாடிக்கு விட்டேன். குருபரப்பள்ளி அருகே வேகத்தடை ஒன்றில் ஏறி இறங்கியதும் கண்ணாடியின் கீழ் விளிம்பிலிருந்து ஒரு கோடு கிளம்பியது. வீடு வந்து சேர்வதற்குள் ஒரு சாண் நீண்டிருந்தது. மறுநாள் காலை இரண்டு சாண். பழைய ஒட்டின் பக்கமாக மூன்று விரல்கடை தள்ளி வளைந்து போனதே தவிர அதைத் தொடவில்லை என்பதை ஒட்டுக்குக் கிடைத்த நற்சான்றாகவே எடுத்துக்கொண்டேன்.

இந்த முறை உரிமையாளர் காரைச் சுற்றி வந்து கீழ் விளிம்பில் வைப்பருக்கு அடியில் டார்ச் அடித்துப் பார்த்தார். கறுப்புப் பட்டையின் ஓரத்தில் எப்போதோ அடித்த சிறு சில்லு ஒன்று இருந்தது. “இங்க போட்டா எனக்கு ஆயிரம் ரூபா வரும் சார். ஆனா ஓரத்துல நிக்காது, அடுத்த மாசம் நீங்க என்னைத்தான் திட்டுவீங்க” என்றார். கண்ணாடியின் ஓரத்தில் தயாரிப்பின்போதே தங்கிவிட்ட இழுவிசை உண்டு. காரின் உடல் முறுகும்போது அந்த முறுக்கும் முதலில் ஓரத்துக்கே வரும். வெளியே கொதிக்கும் கண்ணாடிக்கு உள்ளிருந்து குளிர்காற்று பட்டால் ஒரு பக்கம் சுருங்கப் பார்க்கும், மறு பக்கம் விடாது. அந்தச் சண்டை முழுவதும் ஏற்கெனவே பிளந்திருக்கும் நுனியில் குவியும். அதனால்தான் ஓரத்திலிருந்து இரண்டு அங்குலத்துக்குள் உள்ள சேதத்தையும், ஆறு அங்குலத்துக்கு மேல் ஓடிவிட்ட விரிசலையும் பொதுவாக ஒட்டுவதில்லை. இந்தக் கடையைப் பரிந்துரைப்பதற்கு எனக்குள்ள முதன்மையான காரணம் இந்த மறுப்புதான். முதல் முறை மாற்றத் தேவையில்லை என்று சொல்லி ஆயிரக்கணக்கில் கிடைக்கக்கூடிய வேலையை விட்டார்; இரண்டாம் முறை ஒட்டிப் பயனில்லை என்று சொல்லிக் கைக்கு வந்த கூலியை விட்டார்.

காப்பீட்டில் கோருவதா என்ற கேள்விக்கும் அவரே உட்கார்ந்து கணக்குப் போட வைத்தார். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் இருந்தால் கண்ணாடிக்கு ஒன்றும் கிடைக்காது. முழுக் காப்பீட்டில் கண்ணாடிக்குத் தேய்மானக் கழிவு கிடையாது. ரப்பருக்கும் பிளாஸ்டிக்குக்கும் பாதியைக் கழிப்பார்கள். 1500 சிசி வரையுள்ள காருக்கு முதல் 1000 ரூபாயை நாம் ஏற்க வேண்டும். எல்லோரும் மறப்பது கோராமைக்கான தள்ளுபடியை (நோ கிளைம் போனஸ்). அது சொந்தச் சேதப் பகுதியின் பிரீமியத்தில் ஆண்டுக்கு ஆண்டு 20, 25, 35, 45, 50 விழுக்காடு என்று ஏறும். ஒரு முறை கோரினால் மறு ஆண்டு சுழிக்கு வந்துவிடும். எளிமைக்காக அந்தப் பிரீமியம் தள்ளுபடிக்கு முன் 10,000 ரூபாய் என்றும், நாம் இப்போது 35இல் இருக்கிறோம் என்றும் வைத்துக்கொள்வோம். கோராவிட்டால் வரும் மூன்று ஆண்டுகளுக்குத் தள்ளுபடி 45, 50, 50. கோரினால் 0, 20, 25. கூடுதலாகக் கட்ட வேண்டியது 4,500, 3,000, 2,500 ஆக மொத்தம் 10,000 ரூபாய். என் கண்ணாடிக்கும் கூலிக்கும் சேர்த்து அவர் சொன்னது 6,800. ஆயிரம் போகக் காப்பீட்டில் வரக்கூடியது 5,800. தள்ளுபடியைக் காக்கும் கூடுதல் காப்பு என் பாலிசியில் இல்லாததால் கையிலிருந்தே கொடுத்தேன். கண்ணாடியே இருபது, முப்பதாயிரம் விலையுள்ள பெரிய கார் என்றால் விடை மாறும். அப்போது கண்ணாடியைக் கழற்றுவதற்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்துக்குச் சொல்லி, அதன் சர்வேயர் சேதத்தைப் பார்த்தாக வேண்டும்.

கண்ணாடியில் இரண்டு வகை காட்டினார். கார் நிறுவனத்தின் சின்னம் பொறித்தது ஒன்று, அதே கண்ணாடித் தொழிற்சாலை கார்ச் சின்னம் இல்லாமல் விற்பது மற்றொன்று. செயின்ட் கோபைன் செக்யூரிட்டும் ஆசாஹி இந்தியாவும் கார் நிறுவனங்களுக்கே கொடுப்பவை என்பதால் இரண்டாவதை எடுத்துக்கொண்டேன். மூலையில் ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 2553 என்ற எண்ணும் லேமினேட்டட் என்ற சொல்லும் இருப்பதை ஒட்டும் முன்பே படித்துப் பார்க்கச் சொன்னார். அவை இல்லாத மலிவுக் கண்ணாடியை அவர் வைத்திருக்கவில்லை.

மாற்றும் வேலையில் கவனிக்க வேண்டியது கண்ணாடியைவிடப் பசை. கார் கவிழ்ந்தால் கூரையைத் தாங்குவதில் முன் கண்ணாடிக்குப் பங்குண்டு. பல கார்களில் இடப்பக்கத்துக் காற்றுப்பை விரியும்போது கண்ணாடியில் முட்டித்தான் பயணியின் பக்கம் திரும்புகிறது. பசை விட்டால் இரண்டும் போயிற்று. இங்கே பயன்படுத்தியது யூரித்தேன் பசை. சில இடங்களில் நடப்பதுபோல் சிலிகானைப் பிதுக்கி ஒட்டவில்லை. வைப்பர் கைகளையும் அடியிலுள்ள பிளாஸ்டிக் மூடியையும் கழற்றிய பிறகு, ஒருவர் உள்ளேயும் ஒருவர் வெளியேயும் நின்று மெல்லிய கம்பியை மரம் அறுப்பதுபோல் மாறி மாறி இழுத்துப் பழைய பசையை அறுத்தார்கள். பழைய பசையை அடியோடு சுரண்டாமல் ஒரு மெல்லிய தளமாக விட்டு, கம்பி பட்டு வண்ணம் உரிந்த இரண்டு இடங்களில் துரு பிடிக்காமல் பிரைமர் தடவினார்கள். கண்ணாடியின் ஓரத்திலுள்ள கறுப்புப் பட்டையும் அதைத் தொடரும் புள்ளிகளும் அழகுக்கு என்றே இத்தனை நாள் நினைத்திருந்தேன். பசையின் மேல் வெயில் படாமல் காப்பதே அதன் வேலையாம். புதிய பசையை முக்கோண வடிவில், எங்கும் விட்டுப்போகாமல் ஒரே வீச்சில் சுற்றிவர இட்டு, உறிஞ்சிப் பிடிகளால் கண்ணாடியைத் தூக்கி அமர்த்தினார்கள்.

மூன்று மணி நேரம் காரை எடுக்க விடவில்லை. ஒரு நாள் முழுவதும் கதவுக் கண்ணாடியை ஒரு விரல் இறக்கி வைக்கவும், கதவை அறைந்து சாத்தாமல் இருக்கவும் சொன்னார். மூடிய காரில் கதவை அறைந்தால் உள்ளே அடைபடும் காற்று இன்னும் இறுகாத பசையை வெளியே தள்ளும். தண்ணீர் பீய்ச்சும் கழுவலுக்கு இரண்டு நாள் தடை.

குறைகளும் உண்டு. டேஷ்போர்டின் ஓரத்தில் கறுப்புப் பசை ஒரு துளி சிந்தி, இன்றும் போகாமல் இருக்கிறது. ஒரு துணியை விரித்திருக்கலாம். ரசீது கேட்ட பிறகே எழுதினார்கள். ஒரு வாரம் கழித்து எண்பது கிலோமீட்டர் வேகத்தில் மேல் விளிம்பில் விசில் போல் ஒரு சத்தம் வந்தது. கொண்டுபோய்க் காட்டியதும் சரியாக உட்காராத ரப்பர் பீடிங்கைக் காசு வாங்காமல் மாற்றிப் போட்டார்கள். ஐப்பசி மழை முழுவதும் ஓட்டியும் ஒரு சொட்டு ஒழுகவில்லை.

எல்லாக் கார்களுக்கும் இந்தக் கடை பொருந்தாது. பின்பார்வைக் கண்ணாடிக்குப் பின்னால் கேமரா வைத்து, தானாகவே பிரேக் போடும் வசதியுள்ள புதிய கார்களுக்குக் கண்ணாடி மாற்றிய பின் அந்தக் கேமராவை அளந்து நேராக்க வேண்டும். அதற்கான கருவி தம்மிடம் இல்லை என்று அவரே சொல்லி, நிறுவனப் பணிமனைக்கு அனுப்பிவிடுகிறார்.

அவர் சொல்ல மறந்து, நான் பணம் கொடுத்துக் கற்றது ஒன்று உண்டு. பழைய கண்ணாடியோடு ஃபாஸ்டேக்கும் போய்விட்டது. உரித்தால் கிழியும்படி செய்யப்பட்டது அது, புதிய கண்ணாடியில் ஒட்டாது. மறுநாள் ஓசூர் போகக் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடியில் இரட்டைக் கட்டணம் கட்டினேன். 2025 நவம்பர் 15இல் நடைமுறைக்கு வந்த விதி, யுபிஐயில் கட்டினால் ஒன்றேகால் மடங்கு, ரொக்கமாகக் கொடுத்தால் பழையபடி இரண்டு மடங்கு என்று வைத்தது. கண்ணாடி மாற்ற நாள் குறித்த அன்றே வங்கியில் மாற்று வில்லைக்கு விண்ணப்பித்துவிடுங்கள். ஒட்டு வேலை என்றால் காலை பத்து மணிக்கு முன் போவது நல்லது. அதற்குப் பிறகு அந்த ஒற்றை வேப்பமரத்து நிழல் பக்கத்துப் பஞ்சர் கடைக்குப் போய்விடுகிறது.